வாளிப் பாலும் காய்ந்த ரப்பரும்

சிரம்பானுக்குப் பக்கத்தில் உள்ள செண்டாயானில் மின்சாரக் கார் வாங்கியவர் எவரும் ஒரு கேள்வியிலிருந்து தப்ப முடியாது. கோயில் வாசலில் நிறுத்தினாலும் சரி, தே தாரேக் கடை முன்னால் நிறுத்தினாலும் சரி, பக்கத்தில் வருகிறவர் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்பார்: "அண்ணே, ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் ஓடும்?"

கேட்பது எளிது. பதில் சொல்வதுதான் கடினம். 2022 டிசம்பரில் மலேசியாவுக்கு வந்த பிஒய்டி அட்டோ 3 காரை எடுத்துக்கொள்வோம். அதில் பெரிய பேட்டரி உள்ள வகைக்கு இங்கே விளம்பரத்தில் போட்ட எண் 480 கிலோமீட்டர். லண்டனில் இருக்கும் தங்கை அதே காரை வாங்கப் போனால், அவர் கையில் கொடுக்கும் தாளில் 420 என்று இருக்கும். சீனாவில் அதே வண்டி யுவான் பிளஸ் என்ற பெயரில் விற்கிறது. அங்கே 510. மூன்றிலும் பேட்டரி ஒன்றுதான், மோட்டாரும் ஒன்றுதான். செண்டாயானிலிருந்து தினமும் கோலாலம்பூருக்கு ஓட்டிப் போகிறவரைக் கேட்டால், இந்த மூன்றையும்விடக் குறைவான நான்காவது எண் ஒன்றைச் சொல்வார்.

யார் பொய் சொல்கிறார்கள்? ஒருவரும் இல்லை. நான்கும் ஒழுங்காக எடுத்த அளவைகள்தான். ஒரே காருக்கு நான்கு எண் எப்படி வந்தது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

ஸ்டோர் வாசலில் நடந்த அளவை

இன்று வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டையும் விமானப்படைத் தளமுமாக இருக்கும் செண்டாயான் வட்டாரம் ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையுமாக இருந்தது. ரந்தாவ், சிலியாவ், லாபு என்று சுற்றிலும் தோட்டங்கள். அங்கே பால் வெட்டிய குடும்பங்களுக்கு, அளவையில் வரும் இந்தக் குழப்பம் புதிதே அல்ல.

விடியுமுன் நிரையில் இறங்கி, உளியால் பட்டையைச் சீவி, மங்குக் கிண்ணத்தில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பில் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு வருவார்கள். வாளி நிறைந்திருக்கும். ஆனால் நிறைந்த வாளியைப் பார்த்து மட்டும் கணக்கு எழுதிவிட முடியாது. மெட்ரோலாக் என்ற கண்ணாடி மிதவையைப் பாலில் விட்டு, அது எவ்வளவு ஆழம் அமிழ்கிறது என்று பார்ப்பார்கள். மரத்திலிருந்து வடியும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். மழை பெய்தால், பருவம் மாறினால், மரத்தின் வகை மாறினால் அந்தப் பங்கும் மாறும். அதனால் காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்பதே கணக்கில் ஏறியது. வாளி எண் ஒன்று, ரப்பர் எண் இன்னொன்று.

"ஒரு சார்ஜுக்கு 480" என்பது வாளி எண். பேட்டரியைப் பெரிதாக்கினால் அந்த எண்ணும் பெரிதாகிவிடும். கார் எவ்வளவு சிக்கனமாக ஓடுகிறது என்று அது தனியாகச் சொல்லாது. காய்ந்த ரப்பருக்கு நிகரான எண் வேறு: நூறு கிலோமீட்டர் ஓட எத்தனை யூனிட் மின்சாரம் பிடிக்கிறது? இதை இந்த அத்தியாயம் முழுக்க 'மின்செலவு வீதம்' என்று அழைப்போம்.

புரோட்டோன் 2024 டிசம்பரில் வெளியிட்ட இ.மாஸ் 7 காரில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். பிரைம் என்ற வகையில் 49.52 யூனிட் பேட்டரி. ஐரோப்பிய முறைச் சோதனையில் அது 345 கிலோமீட்டர் ஓடும். பிரீமியம் வகையில் 60.22 யூனிட், 410 கிலோமீட்டர். தூரத்தை மட்டும் பார்த்தால் பிரீமியம்தான் மேல். பேட்டரியைத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். பிரைம் நூறு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 14.4 யூனிட் குடிக்கிறது, பிரீமியம் 14.7. தூரம் அதிகம் போகிற வண்டி ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் அதிகமாகவே செலவழிக்கிறது. வேறுபாடு சிறியது. ஆனாலும் திசை தலைகீழாக இருப்பதைக் கவனியுங்கள். பெரிய பேட்டரி என்றால் கூடுதல் எடை. அந்த எடையையும் கார்தான் சுமந்தாக வேண்டும்.

ஒரு யூனிட் எவ்வளவு?

தெனாகா மின்நிறுவனத்தின் பில்லில் வரும் கிலோவாட் மணியைத்தான் வீட்டில் யூனிட் என்கிறோம். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை ஒரு மணி நேரம் விடாமல் சூடாக்கினால் ஒரு யூனிட்.

பேட்டரிக்குள் ஒரு யூனிட் எப்படி இருக்கும் என்று பார்க்கச் சிரம்பானுக்கே போகலாம். துவாங்கு ஜாஃபர் தொழிற்பேட்டையில் சாம்சங் எஸ்டிஐ நிறுவனம் 1991இல் தொலைக்காட்சிப் படக்குழாய் செய்ய வந்தது. படக்குழாயின் காலம் முடிந்ததும் பேட்டரிக்கு மாறியது. 21 மில்லிமீட்டர் தடிப்பும் 70 மில்லிமீட்டர் உயரமும் உள்ள உருளை வடிவச் செல், விரலைவிடச் சற்றுப் பருத்தது. அப்படி ஒரு செல்லில் ஏறத்தாழ 18 வாட் மணி அடங்கும். ஐம்பத்தைந்து செல்லைச் சேர்த்தால் ஒரு யூனிட். அட்டோ 3 காரில் இருப்பது தகடுபோல நீண்ட வேறு வகைச் செல். ஆனால் கணக்கு ஒன்றுதான்: அதன் வயிற்றில் 60.48 யூனிட்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் எவ்வளவு இருக்கிறது தெரியுமா? ஏறத்தாழ 8.9 யூனிட். அப்படியானால் அந்தப் பேட்டரி முழுவதும் சேர்ந்து ஏழு லிட்டர் பெட்ரோலுக்குக்கூட எட்டாது. ஏழு லிட்டருக்கும் குறைவான சரக்கை வைத்துக்கொண்டு நானூறு கிலோமீட்டர் போகிறது என்பதுதான் மின்சாரக் காரின் உண்மையான சாதனை. விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

உருளைமேல் ஓடும் கார்

அரசாங்கங்கள் ஏற்றுக்கொள்ளும் எண்ணைச் சாலையில் ஓட்டி எடுப்பதில்லை. சாலையில் ஒரு நாள் காற்று, ஒரு நாள் மழை, ஒரு நாள் அவசரக்கார ஓட்டுநர். அதனால் காரை ஓர் அறைக்குள் கொண்டுபோய்ச் சக்கரங்களை எஃகு உருளைகள்மேல் ஏற்றி நிறுத்துவார்கள். சக்கரம் சுழலும், உருளையும் சுழலும், கார் மட்டும் நின்ற இடத்தில் நிற்கும். இதை உருளைமேடை என்போம்.

நிற்கிற காருக்குக் காற்றுத் தடை ஏது? அதற்கு முன்னேற்பாடு உண்டு. முதலில் நீளமான, சமமான ஓடுபாதையில் காரை வேகமாக ஓட்டி, ஒரு கட்டத்தில் மோட்டாரின் பிடியை விட்டுவிடுவார்கள். கார் தானாக உருண்டுகொண்டே வேகம் தணியும். எத்தனை விநாடியில் எவ்வளவு வேகம் குறைந்தது என்று குறித்துக்கொண்டால், காற்றும் டயரும் சேர்ந்து அந்தக் காரை எவ்வளவு இழுத்துப் பிடிக்கின்றன என்பது தெரிந்துவிடும். அந்த இழுப்புக்குச் சாலைச்சுமை என்று பெயர் வைக்கலாம். பிறகு உருளைமேடையில் அதே இழுப்பை அமைத்துவிடுவார்கள். சக்கரத்தின் வேகம் கூடக்கூட உருளை இறுகும். காருக்குத் தான் சாலையில் ஓடுவதாகவே தோன்றும்.

சோதனைக்கு முன் கார் 23 பாகை வெப்பமுள்ள அறையில் மணிக்கணக்கில் ஓய்வெடுக்கும். பேட்டரி முழுக்க நிரம்பியிருக்கும். ஓட்டுநருக்கு முன்னால் ஒரு திரை, திரையில் ஒரு கோடு. கோடு ஏறும்போது வேகத்தைக் கூட்ட வேண்டும், இறங்கும்போது தணிக்க வேண்டும், தட்டையாகக் கீழே கிடந்தால் சிக்னலில் நிற்பதுபோல் நிற்க வேண்டும். இந்தக் கோட்டுக்குத்தான் 'ஓட்டச் சுழற்சி' என்று பெயர். கோடு முடிந்தால் மறுபடியும் முதலிலிருந்து, பேட்டரி தீரும்வரை. பெரிய பேட்டரிக்கு நேரம் மிச்சம் பிடிக்கும் குறுக்குமுறையும் உண்டு.

அதற்குப் பிறகு வருவதுதான் முக்கியம். காரைச் சுவரில் செருகி, சுவர் மீட்டர் ஓட ஓட, மறுபடியும் முழுக்க நிரப்புவார்கள். சுவரிலிருந்து எத்தனை யூனிட் இறங்கியதோ அதை ஓடிய தூரத்தால் வகுத்து, நூறால் பெருக்கினால் மின்செலவு வீதம் வந்துவிடும். பேட்டரிக்குள் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது இங்கே கேள்வியில்லை. சுவர் எவ்வளவு கொடுத்தது என்பதே கணக்கு. இதை நினைவில் வையுங்கள்.

மூன்று கோடுகள்

அட்டோ 3 காரின் மூன்று எண்களும் மூன்று கோடுகளிலிருந்து பிறந்தவை.

480 வந்தது என்இடிசி என்ற பழைய ஐரோப்பியக் கோட்டிலிருந்து. அதன் நகரப் பகுதி 1970களில் உருவானது, நெடுஞ்சாலைப் பகுதி 1990இல் சேர்ந்தது. அதில் கார் நின்ற இடத்திலிருந்து மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 26 விநாடி எடுத்துக்கொள்கிறது. ரந்தாவ் சாலையில் அப்படி ஓட்டினால் பின்னால் வரும் லாரி ஹாரனை விடாமல் அழுத்தும். கோட்டின் சராசரி வேகம் ஏறத்தாழ 34 கிலோமீட்டர்.

420 வந்தது டபிள்யூஎல்டிபி என்ற புதிய கோட்டிலிருந்து. இதை வரையுமுன் இந்தியா, ஜப்பான், கொரியா, அமெரிக்கா, ஐரோப்பா என்று பல நாடுகளின் சாலைகளில் உண்மையான கார்கள் எப்படி ஓடுகின்றன என்று பதிவு செய்தார்கள். ஐரோப்பாவில் 2017 முதல் நடைமுறைக்கு வந்தது. 30 நிமிடத்தில் 23.25 கிலோமீட்டர். உச்ச வேகம் 131, சராசரி 46.5.

510 வந்தது சீனாவின் சிஎல்டிசி கோட்டிலிருந்து. அதுவும் 30 நிமிடம்தான், ஆனால் ஓடுவது பதினான்கரைக் கிலோமீட்டர் மட்டும். நெரிசல் மிகுந்த சீன நகரங்களைப் பார்த்து வரைந்த கோடு. அடிக்கடி நிற்கும், மெதுவாக நகரும். சராசரி 29.

இப்போது சராசரி வேகங்களையும் தூரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 29க்கு 510. 34க்கு 480. 46.5க்கு 420. வேகம் ஏற ஏறத் தூரம் இறங்குகிறது. புதிர் பாதிக்குமேல் அவிழ்ந்துவிட்டது. பெட்ரோல் காருக்கு நகரம் எதிரி, மின்சாரக் காருக்கு நகரம் தோழன். நிற்கும்போது மோட்டார் எதையும் குடிப்பதில்லை. பிரேக் போடும்போது சக்கரத்தின் ஓட்டத்தில் ஒரு பங்கு மின்சாரமாகப் பேட்டரிக்குத் திரும்புகிறது. அதனால் மெதுவான கோட்டில் சோதித்தால் மின்சாரக் கார் பெரிய எண் எடுக்கும்.

ஒரு கோட்டில் எடுத்த எண்ணை இன்னொரு கோட்டில் எடுத்த எண்ணோடு ஒப்பிடுவது, ஒரு வாளியில் லிட்டரையும் இன்னொரு வாளியில் கிலோவையும் வைத்துச் சண்டை போடுவதற்குச் சமம். மலேசியச் சந்தையில் ஒரு நிறுவனம் 480 என்று என்இடிசி எண்ணையும் பக்கத்துக் கடைக்காரர் 410 என்று டபிள்யூஎல்டிபி எண்ணையும் போடும்போது வாங்குபவர் ஏமாறுகிறார். எண் எந்தக் கோட்டுக்குரியது என்பதை எண்ணின் அளவு எழுத்திலேயே அச்சிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தியாவிலும் இதே கதைதான். புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற மையங்களில் இந்தியக் கோட்டில் சோதித்துச் சான்றிதழ் தருகிறார்கள். சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்திலும் அரசின் வாகனச் சோதனை மையம் உண்டு. ஓசூரில் தயாராகும் ஏத்தர் 450எக்ஸ் ஸ்கூட்டர் 2022இல் புதிய வடிவில் வந்தபோது சான்றிதழ்த் தூரம் 146 கிலோமீட்டர். நிறுவனமோ, சாலையில் எதிர்பார்க்கக்கூடியது 105 என்று தானாகவே பக்கத்தில் போட்டது. பாராட்ட வேண்டிய செயல்.

14.4ஆ, 15.6ஆ?

இனி நம் அட்டோ 3 காரை வைத்துக் கணக்கைக் கையாலேயே போடுவோம். பேட்டரி 60.48 யூனிட். டபிள்யூஎல்டிபி தூரம் 420 கிலோமீட்டர். 60.48ஐ 420ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 14.4.

ஆனால் அதே காரின் ஐரோப்பியத் தாளில் அதிகாரபூர்வ மின்செலவு வீதம் 15.6 என்று இருக்கிறது. இரண்டும் ஒரே சோதனையின் எண்கள். நடுவில் 1.2 யூனிட் எங்கே போனது?

விடை நாம் நினைவில் வைத்ததில் இருக்கிறது. 15.6 என்பது சுவர் கொடுத்தது. 14.4 என்பது பேட்டரியில் இருந்தது. வீட்டுச் சுவரில் வருவது மாறுதிசை மின்சாரம், பேட்டரி ஏற்றுக்கொள்வது நேர்திசை மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் பெட்டி காருக்குள்ளேயே இருக்கிறது. மாற்றும் வேலையில் அது சூடாகும். கேபிள் சூடாகும். பேட்டரி தன்னுள் மின்சாரத்தை வாங்கும்போது தானும் கொஞ்சம் சூடாகும். காரின் கணினிகள் அத்தனை மணி நேரமும் விழித்திருக்கும். எல்லாம் சேர்ந்து பேட்டரிக்குள் போன ஒவ்வொரு நூறு யூனிட்டுக்கும் சுவரிலிருந்து ஏறத்தாழ 108 யூனிட் இறங்குகிறது. பாலை ஸ்டோருக்குக் கொண்டுவரும் வழியில் சிந்தியதுபோல.

தெனாகா மீட்டர் சுற்றுவது 108க்கு. ஆகவே பில் கணக்குப் போடுகிறவருக்கு 15.6தான் எண். "இன்னும் எத்தனை கிலோமீட்டர் போவேன்?" என்று கேட்கிறவருக்கு 14.4. கேள்வி எதுவோ அதற்கேற்ற எண்ணை எடுக்க வேண்டும். இரண்டு கார்களை ஒப்பிடும்போது ஒன்றுக்குச் சுவர் எண்ணையும் மற்றதற்குப் பேட்டரி எண்ணையும் எடுத்துவிட்டால், இல்லாத எட்டு விழுக்காடு வேறுபாடு முளைத்துவிடும். படித்தவர்களே இந்தத் தவற்றைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு நுணுக்கம். நெடுஞ்சாலை ஓய்விடங்களில் இருக்கும் வேகச் சார்ஜரில் மின்மாற்றம் சார்ஜர் பெட்டிக்குள்ளேயே நடந்துவிடுகிறது. நேர்திசை மின்சாரம்தான் காருக்குள் வருகிறது. அங்கே பெருமளவு இழப்பை ஏற்கெனவே விலையில் சேர்த்துவிட்டார்கள். பல இடங்களில் யூனிட்டுக்கு ஒரு வெள்ளிக்கும் மேல் கேட்பதற்கு அதுவும் ஒரு சிறு காரணம்.

காற்று என்ற சுவர்

செண்டாயானிலிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். போய்வர 140. நெடுஞ்சாலை வேக வரம்பு 110. நான்காவது எண் இங்கேதான் பிறக்கிறது.

வேகமாகப் போகும் கார் முதன்மையாகச் செய்யும் வேலை காற்றைத் தள்ளுவது. காற்றின் எதிர்ப்பு வேகத்தோடு நேராக ஏறுவதில்லை. வேகம் இருமடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அட்டோ 3 அளவுள்ள ஒரு காருக்குக் கணக்கிட்டுப் பார்த்தால், மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும்போது காற்றுக்கு மட்டும் நூறு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஏழரை யூனிட் போகிறது. 110இல் ஏறத்தாழ பதினொன்று. இருபது கிலோமீட்டர் வேகத்தைக் கூட்டியதற்கு விலை மூன்றரை யூனிட். மிச்சமாகும் நேரம்? 70 கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம்.

மேடு அந்த அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. இரண்டு பேர் உட்கார்ந்த அட்டோ 3 ஏறத்தாழ 1,900 கிலோ எடை. அதை நூறு மீட்டர் உயரத்துக்கு ஏற்ற அரை யூனிட் போதும். இறங்கும்போது அதில் ஒரு நல்ல பங்கு திரும்பி வந்துவிடும். சமவெளியில் காற்றுக்குக் கொடுத்தது மட்டும் ஒருபோதும் திரும்பாது.

ஏர்கான் கணக்கு

ஐரோப்பியச் சோதனையறையில் 23 பாகை, ஏர்கான் அணைந்திருக்கும். செண்டாயானில் பகல் இரண்டு மணிக்கு வெயிலில் நின்ற காரைத் திறந்து பாருங்கள். இங்கே ஏர்கான் இல்லாமல் யாரும் ஓட்டுவதில்லை.

ஏர்கான் சராசரியாக ஆயிரம் வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு ஒரு யூனிட். நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் கடந்தால் அதன் பங்கு ஒரே யூனிட், பெரிதாகத் தெரியாது. சுங்கை பெசி டோலுக்கு முன்னால் நெரிசலில் மணிக்குப் பத்துக் கிலோமீட்டரில் ஊர்ந்தால்? அந்த வேகத்தில் நூறு கிலோமீட்டர் போகப் பத்து மணி நேரம் ஆகும். பத்து யூனிட் ஏர்கானுக்கே போகும். காற்றும் டயரும் சேர்ந்து கேட்பது அதைவிடக் குறைவு. ஏர்கான் தூரத்துக்குக் கூலி வாங்குவதில்லை, நேரத்துக்கு வாங்குகிறது.

மெதுவாகப் போனால் மின்சாரக் கார் சிக்கனம் என்று சற்று முன் சொன்னேன். ஏர்கான் அணைந்த அறைக்கு அது சரி. நம் ஊரில் மிக வேகமும் தின்னும், மிக மெதுவும் தின்னும். வெப்பமண்டல நாடுகளுக்கென்று ஏர்கானை ஓடவிட்டு ஒரு கோடு வரைந்தால், இங்கே வாங்குகிறவருக்கு அது எவ்வளவோ உதவும்.

அமெரிக்கர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அங்கே சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைதான் எண்ணைத் தருகிறது. நகரக் கோடு ஒன்று, நெடுஞ்சாலைக் கோடு ஒன்று. இரண்டையும் 55க்கு 45 என்ற பங்கில் கலப்பார்கள். அதற்குமேல், குளிர், வெயில், ஏர்கான், அவசர ஓட்டம் ஆகியவற்றுக்காகச் சோதனைத் தூரத்தை 0.7ஆல் பெருக்கும் வழக்கம் உண்டு. உருளைமேடையில் 500 ஓடினால் ஸ்டிக்கரில் 350. விரும்பினால் நிறுவனங்கள் கூடுதல் சோதனைகள் செய்து, ஏர்கான் ஓட 35 பாகை வெப்பத்தில் நடக்கும் சோதனை உட்பட, தங்களுக்கென்று வேறு பெருக்கு எண் பெறலாம். அமெரிக்க எண் சாலைக்கு நெருக்கமாக இருப்பதன் காரணம் இந்த வெட்டுதான்.

தலைகீழ் அளவுகோல்

சில கார்களின் திரை நூறு கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்று காட்டும். சில, ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று காட்டும். இரண்டாவது கண்ணுக்கு இனிமையாக இருக்கும், பெரிய எண் நல்லது என்பதால். ஆனால் மனக்கணக்கை அது ஏமாற்றும்.

யூனிட்டுக்கு 5 கிலோமீட்டர் ஓடும் காரை விட்டு 6 ஓடும் காருக்கு மாறினால், நூறு கிலோமீட்டருக்கு 20 யூனிட் என்பது ஏறத்தாழ 16.7 ஆகிறது. மிச்சம் 3.3. இன்னொருவர் 7லிருந்து 8க்கு மாறுகிறார். அவருக்கு 14.3 என்பது 12.5 ஆகிறது. மிச்சம் 1.8தான். இருவரும் ஒரே ஒரு கிலோமீட்டர் முன்னேறினார்கள், முதலாமவருக்கு ஏறத்தாழ இருமடங்கு லாபம். அமெரிக்க ஸ்டிக்கரில் வரும் 'கேலனுக்கு நிகரான மைல்' என்ற எண்ணும் இதே வகை. ஒரு கேலன் பெட்ரோலில் 33.7 யூனிட் என்று வைத்து மின்சாரத்தைப் பெட்ரோலாக மாற்றிக் காட்டுகிறார்கள். பெட்ரோல் காரோடு ஒப்பிட அது பரவாயில்லை. இரண்டு மின்சாரக் கார்களை ஒப்பிட, நூறு கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்பதையே கேளுங்கள்.

வெள்ளிக் கணக்கு

காற்று, ஏர்கான், நெரிசல் எல்லாம் சேர்த்து நம் அட்டோ 3 சுவரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு 19 யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பேட்டரிக்குள் சேர்வது ஏறத்தாழ 17.5. தூரம் 345 கிலோமீட்டர். இதுதான் அந்த நான்காவது எண்.

தினமும் 140 கிலோமீட்டருக்கு 26.6 யூனிட். 2025 ஜூலை முதல் வந்த வீட்டுக் கட்டணத்தில், மாதம் 1,500 யூனிட்டுக்குள் இருந்தால், உற்பத்திக் கட்டணம், கொள்ளளவுக் கட்டணம், மின்வலைக் கட்டணம் மூன்றும் சேர்ந்து யூனிட்டுக்கு 44.43 சென். ஒரு நாளைக்கு 11 வெள்ளி 82 சென். நூறு கிலோமீட்டருக்கு ஆறரை லிட்டர் குடிக்கும் பெட்ரோல் கார் என்றால் 9.1 லிட்டர். குடிமக்களுக்கான 1.99 வெள்ளி விலையில் 18 வெள்ளி 11 சென். லாபம்தான். ஆனால் ஒரு குழி இருக்கிறது: குறைவாக மின்சாரம் எடுக்கும் வீடுகளுக்குத் தெனாகா தரும் கழிவு, யூனிட் ஏற ஏறச் சுருங்கி ஆயிரத்தைத் தாண்டினால் மறைந்துவிடும். மாதம் 22 நாள் ஓட்டினால் கார் மட்டும் 585 யூனிட் சேர்க்கும். அதனால் காருக்கு ஆகும் செலவைத் தனியாக 44.43ஆல் பெருக்கினால் போதாது. முன்பு கிடைத்து இப்போது போன கழிவையும் காரின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

சாலை வரி இதையெல்லாம் பார்ப்பதில்லை. மின்சாரக் கார்களுக்கு 2025 முடிய விலக்கு இருந்தது. 2026 முதல் வரி மோட்டாரின் சக்தியை வைத்துக் கணக்காகிறது. சிக்கனமாக ஓடும் 150 கிலோவாட் காரும் ஊதாரித்தனமாக ஓடும் 150 கிலோவாட் காரும் ஒரே வரி கட்டும். வரியில் மின்செலவு வீதத்துக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கலாம்.

சுவருக்குப் பின்னால்

இதுவரை போட்ட கணக்கெல்லாம் சுவரில் தொடங்குகிறது. சுவருக்குப் பின்னால் என்ன? செண்டாயானிலிருந்து போர்ட்டிக்சன் போனால், கடலோரத்தில் துவாங்கு ஜாஃபர் மின்நிலையம் இயற்கை எரிவாயுவில் ஓடுகிறது. தீபகற்பத்தின் மற்ற மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியும் எரிவாயுவும்.

நல்ல எரிவாயு நிலையம் எரித்ததில் பாதியை மின்சாரமாக்கும். நம் 19 யூனிட்டுக்கு அங்கே ஏறத்தாழ 38 யூனிட் எரிவாயு எரிந்திருக்கும். பழைய நிலக்கரி நிலையம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் தேற்றும். அங்கே ஐம்பதுக்கும் மேல். மின்கம்பியில் போகும் இழப்பு தனி. பெட்ரோல் காரின் ஆறரை லிட்டரில் இருப்பது 58 யூனிட். எரிவாயு மின்சாரம் என்றால் மின்சாரக் கார் தெளிவாக முந்துகிறது. பழைய நிலக்கரி என்றால் இடைவெளி மிகவும் சுருங்கிவிடுகிறது. கூரையில் சூரியத் தகடு வைத்திருப்பவரின் கணக்கு முற்றிலும் வேறு. கார் ஒன்றுதான், மின்செலவு வீதம் ஒன்றுதான். எந்தத் தேசத்தின் சோதனைத் தாளும் சுவருக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பதில்லை.

உங்கள் வீட்டு எண்

தோட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் கணக்கெழுதும் கிராணியின் புத்தகத்துக்குப் பக்கத்தில் தங்கள் கணக்கையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்தார்கள். அதையே இங்கும் செய்யலாம்.

மாதம் முதல் தேதி இரண்டு எண்களைக் குறியுங்கள்: கார் இதுவரை ஓடிய மொத்தக் கிலோமீட்டர், வீட்டுச் சார்ஜர் இதுவரை கொடுத்த மொத்த யூனிட். சார்ஜரின் செயலியிலேயே இரண்டாவது இருக்கும். அடுத்த மாதம் முதல் தேதி மறுபடியும் குறித்து, பழையதைக் கழியுங்கள். 2,800 கிலோமீட்டருக்கு 532 யூனிட் என்றால் உங்கள் வீதம் 19. வெளியில் சார்ஜ் செய்திருந்தால் அந்த ரசீதின் யூனிட்டையும் சேர்க்க மறக்காதீர்கள். ஒரு மாதம் 110இலும் அடுத்த மாதம் 95இலும் ஓட்டிப் பார்த்தால் காற்றின் விலை உங்கள் நோட்டிலேயே தெரியும்.

காரின் திரையும் ஒரு வீதம் காட்டும். அது பெரும்பாலும் உங்கள் நோட்டில் இருப்பதைவிடக் குறைவாக இருக்கும். காரணம், திரை பேட்டரியிலிருந்து போனதை எண்ணுகிறது, உங்கள் நோட்டு சுவரிலிருந்து வந்ததை எண்ணுகிறது. விடியற்காலை சார்ஜ் முடிந்த கையோடு போர்ட்டிக்கோவில் இறங்கி, கேபிளின் மேல் உறையைத் தொட்டுப் பாருங்கள், இலேசாக வெதுவெதுக்கும். 14.4க்கும் 15.6க்கும் நடுவில் காணாமல் போன அந்த 1.2 யூனிட்டில் ஒரு துளி அது.